கம்பெனி காரா, சொந்தக் காரா, மெட்ரோ கார்டா: வட சென்னைச் சம்பளக்காரருக்கு எது கட்டுபடியாகும்?

பதவி உயர்வு வந்த கையோடு ஹெச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு மெயில் வரும். இன்ன கிரேடுக்கு மேல் இருப்பவர்கள் கம்பெனி கார் எடுத்துக்கொள்ளலாம், விருப்பமுள்ளவர்கள் இந்தத் தேதிக்குள் படிவத்தை நிரப்புங்கள் என்று. தண்டையார்பேட்டையில் நான் வரிக் கணக்கு பார்க்கும் அறைக்கு அந்த மெயிலோடு வருகிறவர்களில் பாதிப் பேர் காரின் கலரைக்கூட முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். "டாக்ஸ் மிச்சமாகும்லண்ணா?" என்பதுதான் கேள்வி. சிலருக்கு வருஷத்துக்கு லட்ச ரூபாய் மிச்சமாகும். சிலருக்கு ஒத்தை ரூபாய் ஆகாது. இரண்டு பேரும் ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

மெயிலில் சொல்வது எந்த வகைக் கார் என்று முதலில் பார்க்க வேண்டும். கம்பெனி தன் பணத்தில் வாங்கி, உங்கள் சம்பளத்தில் கை வைக்காமல், பெட்ரோலும் போட்டுச் சாவியைக் கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வருமானத்தோடு ஒரு சின்னத் தொகையைச் சேர்த்து வரி பிடிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அப்படித் தருவது பெரும்பாலும் ரொம்ப மேல் மட்டத்தில் இருப்பவர்களுக்கு. மற்றவர்களுக்கு வருவது லீஸ். லீசிங் நிறுவனம் ஒன்று காரை வாங்கி உங்கள் கம்பெனிக்கு வாடகைக்கு விடும். கம்பெனி அதை உங்களிடம் தரும். வாடகை உங்கள் சி.டி.சி.யிலிருந்தே, அதாவது கம்பெனி உங்களுக்காக ஒதுக்கும் மொத்தச் சம்பளத்திலிருந்தே போகும். பெயர்தான் கம்பெனி கார், காசு நம்முடையது.

இதற்கு எதிரே நிற்பவை இரண்டு. பேங்க் லோனில் சொந்தமாக ஒரு வண்டி எடுப்பது, அல்லது அந்தக் காசைச் சம்பளமாகவே வாங்கிக்கொண்டு மெட்ரோவிலோ கம்பெனி பஸ்ஸிலோ போய் வருவது. நான் இங்கே அதிகம் பேசப்போவது லீஸைப் பற்றித்தான். குழப்பம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வரி எங்கே மிச்சமாகிறது

சொந்தக் காருக்கு நீங்கள் கட்டும் இ.எம்.ஐ., வரி போக மிச்சம் கையில் வந்த பணத்திலிருந்து போகிறது. லீஸ் வாடகை, வரி பிடிப்பதற்கு முன்னாலேயே சம்பளத்திலிருந்து கழிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, கார் என்ற வசதிக்கு வருமான வரிச் சட்டம் ஒரு மதிப்புப் போட்டு அதை மட்டும் உங்கள் வருமானத்தில் சேர்க்கும். 2026 மார்ச் வரைக்கான 1962-ஆம் ஆண்டு விதிகளின் 3-ஆம் விதிப்படி, ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓடும் காருக்கு, ஓட்டும் செலவையும் கம்பெனியே ஏற்றால், 1.6 லிட்டர் என்ஜின் வரை மாதம் 1,800 ரூபாய், அதற்கு மேல் 2,400 ரூபாய். டிரைவரும் கொடுத்தால் இன்னொரு 900. மாதம் 25,000 ரூபாய் வாடகை கழிந்து 1,800 மட்டும் சேர்கிறது என்பதால்தான் எல்லோருக்கும் வாய் ஊறுகிறது.

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சட்டம் மாறும்போது விதிகளும் கூடவே மாறும். அதனால் உங்கள் பே ஸ்லிப்பில் மாதம் எவ்வளவு சேர்க்கப்போகிறார்கள் என்பதைச் சம்பளப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய 1,800-ஐ நம்பிக் கணக்குப் போட்டவருக்கு இந்தத் தொகை கூடினால் என்ன ஆகும் என்பதையும் கீழே பார்த்துவிடலாம்.

இந்தச் சலுகை மதிப்பு, ஆபீஸ் வேலையும் ஓரளவு நடக்கும் காருக்குத்தான். முழுக்க முழுக்க வீட்டு உபயோகத்துக்கு என்றால் கம்பெனி செய்யும் உண்மையான செலவும், காரின் விலையில் வருஷத்துக்கு 10 சதவீதத் தேய்மானமும் சேர்ந்து உங்கள் வருமானமாகிவிடும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், வாரத்துக்கு ஒரு நாள்கூட ஆபீஸ் பக்கம் போகாதவர், சலுகை கேட்டால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். நேர்மாறாக, முழுக்க டூட்டிக்கே ஓடும் வண்டி என்றால் வரியே இல்லை. ஆனால் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு எழுதிய லாக் புக் வேண்டும், கம்பெனியின் சான்றும் வேண்டும். காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் மீஞ்சூருக்கும் தினமும் அலையும் சர்வே இன்ஜினியர்களுக்கு இது பொருந்தும். லாக் புக்கை மார்ச் மாதக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து எழுதுகிறவர்களும் உண்டு. பார்த்தாலே தெரியும்.

நாலு பேர், ஒரே வாடகை

கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஆன் ரோடு விலை 10 லட்சம், நாலு வருஷ லீஸ், மாத வாடகை 25,000. இன்சூரன்சும் சர்வீசும் அதற்குள் அடக்கம். ஆக வருஷத்துக்கு 3,00,000 ரூபாய் சம்பளத்திலிருந்து கழிகிறது, பழைய மாதம் 1,800 கணக்கில் 21,600 ரூபாய் வருமானத்தில் சேர்கிறது. வரி போடும் வருமானம் 2,78,400 குறைகிறது. எல்லோருமே புதிய வரி முறையில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் வருஷத்துக்கு 12 லட்சம் சம்பளம். சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போனால் 11,25,000. 12 லட்சம் வரை ரிபேட், அதாவது முழு வரித் தள்ளுபடி இருப்பதால் இவர் ஏற்கெனவே வரியே கட்டவில்லை. லீஸ் எடுத்து இவருக்கு மிச்சம் பூஜ்யம். ஆனால் இவரிடம்தான் "டாக்ஸ் பெனிஃபிட் உண்டு" என்று அதே மெயில் போகிறது. மொத்தச் சம்பளம் 12,75,000-க்குள் இருக்கிறவர் வரி மிச்சம் என்ற காரணத்துக்காக லீஸ் எடுக்கவே கூடாது என்பேன்.

இரண்டாமவர் 30 லட்சம். 30 சதவீத ஸ்லாப், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 31.2. அவருக்கு வருஷத்துக்கு 86,861 ரூபாய் மிச்சம். இது எல்லோரும் எதிர்பார்க்கும் விடை.

மூன்றாமவர் 18,75,000. கழிவு போக 18 லட்சம். குறையும் தொகையில் இரண்டு லட்சம் 20 சதவீத ஸ்லாபிலும் மிச்சம் 15 சதவீத ஸ்லாபிலும் விழும். அவருக்கு 53,830.

நாலாமவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சம்பளம் 15,25,000. கழிவு போக 14,50,000. இவர் கட்ட வேண்டிய வரி செஸ்ஸோடு 1,01,400. லீஸ் எடுத்தால் வருமானம் 11,71,600 ஆகி 12 லட்சத்துக்குள் விழுந்துவிடுகிறது. ரிபேட் கிடைக்கிறது, மொத்த வரியும் போய்விடுகிறது. 30 லட்சம் வாங்குபவருக்கு மிச்சமாவதைவிட இவருக்கு அதிகம்! ஸ்லாப் அட்டவணையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. 12 லட்சம் என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் இங்கே எல்லாமே.

ஆனால் அந்தக் கோடு அசையாது, சம்பளம் அசையும். அடுத்த வருஷம் இவருக்கு இன்கிரிமென்ட் வந்து 17 லட்சம் ஆகிவிட்டது என்றால், லீஸ் கழித்தாலும் வருமானம் 13,46,600. ரிபேட் இல்லை. மிச்சமாகும் வரி 44,730-க்கு இறங்கிவிடும். நாலு வருஷ ஒப்பந்தத்தில் முதல் வருஷ மிச்சத்தை நாலால் பெருக்கி மனைவியிடம் சொல்லிவிட்டவர்கள் இந்த இடத்தில் மாட்டுகிறார்கள். காருக்குச் சேர்க்கும் மதிப்பு மாதம் 1,800 இல்லாமல் 5,000 என்று வைத்துப் பாருங்கள்: அதே 15,25,000 சம்பளக்காரருக்கு வருமானம் 12,10,000-இல் நிற்கும். கோட்டுக்கு மேலே இருக்கும் 10,000 அளவுக்குத்தான் வரி என்ற மார்ஜினல் ரிலீஃப் இருப்பதால் செஸ்ஸோடு 10,400 கட்டினால் போதும். மிச்சம் 91,000. அப்போதும் மோசமில்லை.

இப்போது லோன் பக்கம் வாருங்கள். அதே 10 லட்சத்தை 9 சதவீத வட்டியில் நாலு வருஷத்துக்கு வாங்கினால் இ.எம்.ஐ. 24,885, மொத்தம் 11,94,480. முதல் வருஷ இன்சூரன்ஸ் ஆன் ரோடு விலைக்குள் வந்துவிடும். அடுத்த மூன்று வருஷப் புதுப்பிப்புக்கு 80,000, சர்வீசுக்கு 40,000 என்று வைத்தால் மொத்தம் 13,14,480. லீஸில் வாடகை 12 லட்சம், கடைசியில் காரை எடுத்துக்கொள்ள ரெசிடுவல் விலை ஒன்றரை லட்சம் என்றால் 13,50,000. வரிக்கு முன்னால் பார்த்தால் லீஸ் 35,000 ரூபாய் கூட. அதாவது லீஸ் மலிவான கார் இல்லை. வரி மிச்சமாகிறவருக்கு மட்டும்தான் அது மலிவு. (ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு 18 சதவீதமாகவும், பெரிய கார்களுக்கு 40 சதவீதமாகவும் மாறியது. அதற்கு முன்னால் வாங்கிய கொட்டேஷனை வைத்துக்கொண்டு பேசுபவர்களை நம்பாதீர்கள், புதிதாக ஒன்று கேளுங்கள்.)

கடைசியில் காரை எடுத்துக்கொள்ளும்போது விற்பவர் யார் என்பதையும் பாருங்கள். லீசிங் நிறுவனம் நேரடியாக உங்களுக்கு விற்கிறதா, கம்பெனி தன் சொத்தை உங்களுக்கு மாற்றித் தருகிறதா? கம்பெனியின் சொந்தக் கார் என்றால், ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் மிச்ச மதிப்பில் 20 சதவீதம் கழித்து வரும் தொகையைத்தான் வரித்துறை அதன் மதிப்பாக எடுக்கும். 10 லட்சம் நாலு வருஷத்தில் 4,09,600. நீங்கள் ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கினால், இடையில் உள்ள 2,59,600 அந்த வருஷம் உங்கள் சம்பளத்தில் சேர்ந்துவிடும். 20 சதவீத ஸ்லாபில் அதற்கு மட்டும் 54,000 ரூபாய் வரி. லீஸ் படிவத்தோடு வரும் பவர்பாயின்டில் இது இருந்து நான் பார்த்ததில்லை.

வேலையை விட்டால்

இதைத்தான் நான் வரியைவிடப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஓ.எம்.ஆரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரே இடத்தில் நாலு வருஷம் இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. லீஸோ நாலு வருஷம். நடுவில் கிளம்பினால் மூன்று வழி. மிச்ச அசலும், லீஸை முன்கூட்டியே முடிப்பதற்கான ஃபோர்க்ளோஷர் கட்டணமும், அதற்கு ஜி.எஸ்.டி.யும் கட்டிக் காரை உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அது விற்ற விலைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டலாம். புதுக் கம்பெனி லீஸை ஏற்றுக்கொண்டால் தொடரலாம். அதற்குப் புதுக் கம்பெனிக்கும் அதே லீசிங் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும், அங்கே உங்கள் கிரேடுக்கும் கார் இருக்க வேண்டும். சட்டென்று அமையாது.

புதுவண்ணாரப்பேட்டைப் பையன் ஒருவர் இரண்டாவது வருஷம் முடியும்போது நல்ல சம்பளத்தில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பினார். நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போது கையில் கொடுத்த கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். மிச்ச அசல் ஒரு லைன், ஃபோர்க்ளோஷர் சார்ஜ் ஒரு லைன், அதற்கு ஜி.எஸ்.டி. ஒரு லைன், "இதர கட்டணம்" ஒரு லைன். கீழே, முழுத் தொகையும் ஃபுல் அண்ட் ஃபைனலில், அதாவது வேலையை விடும்போது தீர்க்கும் கடைசிக் கணக்கில் பிடித்துக்கொள்ளப்படும் என்று ஒரு குறிப்பு. லீவ் என்கேஷ்மென்ட், போனஸ் எல்லாம் அதற்குள் போய்விட்டது. இரண்டு வருஷத்தில் மிச்சம் பிடித்த வரியை ஒரே மாதத்தில் கொடுத்துவிட்டார். பையன் தப்பு ஒன்றும் செய்யவில்லை. நல்ல வேலை வந்தது, போனார்.

லோனில் இந்தக் கட்டு கிடையாது. வேலை மாறினாலும் கார் உங்களோடே வரும். காசு நெருக்கடி என்றால் விற்று லோனை அடைக்கலாம். வேலை போனால் இ.எம்.ஐ. கட்டுவதும் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் நின்ற அதே மாதத்தில் காருக்கான மொத்தப் பாக்கியையும் கேட்டு ஒருவர் நிற்க மாட்டார்.

வீடு வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மாதவரம், மணலி புதுநகர் பக்கம் ஃபிளாட் பார்ப்பவர் பேங்கில் பே ஸ்லிப்பைக் கொடுக்கும்போது, வாடகை கழிந்து குறைந்துபோன சம்பளம்தான் அதில் தெரியும். லீஸ் உங்கள் பேரில் கடனாகப் பதிவாகாது என்பது ஒரு நல்லது. ஆனால் ஹோம் லோன் தகுதி கையில் வரும் சம்பளத்தை வைத்துத்தான். இரண்டு வருஷத்துக்குள் வீடு என்று இருந்தால் கார் பிறகு வரட்டும்.

நம்ம ரோடு, நம்ம தெரு, நம்ம மழை

கணக்கெல்லாம் சரியாக வந்தாலும், கார் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்று ஒன்று இருக்கிறது.

விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட் வரை மெட்ரோ ஒரே கோடு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே நீட்டினார்கள். திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், தண்டையார்பேட்டை என்று நம் ஏரியாவைத் தொட்டுக்கொண்டு சென்ட்ரல், எல்.ஐ.சி., தேனாம்பேட்டை, கிண்டி வரை மாறாமல் போகலாம். அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய், கார்டில் 20 சதவீதத் தள்ளுபடி போக 40. 22 நாள் போய்வந்தால் 1,760 ரூபாய். அண்ணா சாலையிலோ கிண்டியிலோ ஆபீஸ் இருக்கும் காலடிப்பேட்டைக்காரர் மாதம் 25,000 கட்டி ஒரு காரை எடுத்தால், காலையில் அந்தக் கார் வீட்டு வாசலில்தான் நிற்கும். அவர் மெட்ரோவில் போவார். எனக்குத் தெரிந்து இப்படி நடக்கிறது, நான் பெயர் சொல்லவில்லை.

கம்பெனி பஸ் வருகிறதா? வீட்டுக்கும் வேலைக்கும் கம்பெனி விடும் வண்டியில் போய் வருவதைச் சட்டம் சலுகையாகவே எண்ணுவதில்லை, அதற்கு வரி கிடையாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போவதை விட்டுவிட்டு வெளிவட்டச் சாலையில் தூக்கத்தோடு கார் ஓட்ட வேண்டுமா என்பதை வீட்டில் கேளுங்கள்.

பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் கதை வேறு. அங்கே மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது, தடுப்புக்குள் ரோடு சுருங்கிக் கிடக்கிறது. ஓ.எம்.ஆர். போகிறவர்களுக்குப் பஸ் மாறி மாறிப் போவது பெரும் பாடு. மணலி, எண்ணூர்க்காரர்களுக்குக் கும்மிடிப்பூண்டி லைன் ரயில் உண்டு, ஆனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு ஸ்டேஷனிலிருந்து வீடு வரை ஒரு பாடு. இவர்களுக்குக் கார் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த வழியில் எடுப்பது என்பதுதான் கேள்வி.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தெருவின் அகலம் தெரிந்ததுதான். பார்க்கிங் இல்லாத வீட்டில் சொந்தக் காரும் லீஸ் காரும் ஒரே மாதிரிதான் கீறல் வாங்கும். வித்தியாசம் திருப்பிக் கொடுக்கும்போது. லீஸ் காரைத் திருப்பினால் ஒவ்வொரு கீறலையும், ஒடுங்கலையும் எழுதிக் காசு கேட்பார்கள். கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் தினமும் ஓடும் கார் கீறல் இல்லாமல் நாலு வருஷம் கழிப்பது நடக்காத காரியம். டிங்கரிங் செலவை யார் தலையில் போடுகிறார்கள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். கடற்காற்றுக்குத் துருவும் பிடிக்கும், அதை "வழக்கமான தேய்மானம்" என்று ஒத்துக்கொள்கிறார்களா என்பதும் கேட்க வேண்டியது.

பிறகு மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூர், மணலி பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. அந்தப் பட்டையை நாள் கணக்கில் தேய்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளத்தில் நின்ற காரில் சாவியைத் திருகினால் என்ஜினுக்குள் தண்ணீர் இழுத்து மொத்தமும் போய்விடும். சாதாரண பாலிசி இந்தச் செலவைத் தராது, என்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். சொந்தக் காரில் அதை நீங்களே கேட்டு வாங்குவீர்கள். லீஸில் பாலிசியை எடுப்பது லீசிங் நிறுவனம். சேர்த்திருக்கிறதா என்று கேட்காமல் விட்டால் வியாசர்பாடி கணேசபுரம் சப்வே பக்கம் தண்ணீர் ஏறும் அன்றைக்குத்தான் தெரியும். வண்டி பல வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலும் வாடகை ஓடுமா, மாற்று வண்டி தருவார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

இன்சூரன்சில் இன்னும் இரண்டு. கார் உங்கள் பேரில் இல்லாததால், சொந்தக்காரரே ஓட்டும்போது கிடைக்கும் 15 லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் கவர் லீஸ் காரில் உங்களுக்கு வராது. தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. அடுத்தது, பழைய காரை விற்றுவிட்டு லீஸுக்குப் போகிறவர்களின் நோ கிளெய்ம் போனஸ். அதை எழுத்தில் வாங்கி வைத்தால் மூன்று வருஷம் வரை பிழைத்திருக்கும். லீஸ் நாலு வருஷம். 50 சதவீதத் தள்ளுபடி வரை சேர்த்து வைத்திருந்தவர், லீஸ் முடிந்து சொந்தமாக வண்டி எடுக்கும்போது மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார்.

டிராஃபிக் அபராதச் செல்லானும் ஆர்.சி.யில் இருக்கும் பேருக்குத்தான் போகும். சிக்னலைத் தாண்டிய போட்டோ முதலில் அட்மின் பிரிவுக்கு வந்து, பிறகு உங்களுக்கு வரும். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான்.

யாருக்கு எது

காலடிப்பேட்டையில் வீடு, கிண்டியில் ஆபீஸ், சம்பளம் 12,75,000-க்குள் என்றால் காசாக வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருத்தணி போக வாடகை கார் எடுத்தாலும் மிச்சம்தான்.

13 முதல் 15 லட்சத்து சொச்சம் வரை சம்பளம், கார் உண்மையிலேயே தேவை, அடுத்த மூன்று வருஷத்துக்கு வேலை மாறும் எண்ணமில்லை என்றால் லீஸை நான் சிபாரிசு செய்வேன். ஒரு திருத்தத்தோடு: வருமானத்தை 12 லட்சத்துக்குக் கீழே கொண்டுவர எவ்வளவு வாடகை தேவையோ அந்த அளவுக் காரைப் பாருங்கள். அதைத் தாண்டி எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரிச்சலுகை இல்லை. 13,25,000 சம்பளக்காரர் பெரிய எஸ்.யூ.வி.யை லீஸில் எடுப்பது ஷோரூம்காரருக்குத்தான் நல்லது.

30 சதவீத ஸ்லாபில் இருப்பவர், கம்பெனியில் பத்து வருஷமாக இருப்பவர், களத்தில் அலையும் வேலை என்றால் எடுங்கள், தாராளமாக. இடைப்பட்ட 17, 18 லட்சத்துக்காரர்களில் வேலை மாறும் வாசம் அடிக்கிறவர்களுக்கு லோன் காரே நிம்மதி. அதில் ஆபீஸ் வேலைக்கு ஓட்டினால் பெட்ரோல் காசைக் கம்பெனியிடம் பில் கொடுத்து வாங்க முடியுமா என்று பாருங்கள், அதற்கும் விதிகளில் ஒரு வரம்பு வரை வரியில்லை.

கணவன் மனைவி இருவருக்கும் லீஸ் வசதி இருக்கும் வீடுகளில், ஒருவர் மட்டும் எடுக்கட்டும். யாருடைய வருமானம் 12 லட்சக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவர் பேரில்.

இந்தப் படிவம் பல கம்பெனிகளில் ஏப்ரலில்தான் திறக்கும், நடுவில் மாற்ற முடியாது. கையெழுத்துப் போடுமுன் ஹெச்.ஆரிடம் இதைக் கேளுங்கள்: இதே லீஸில் இருந்து, 24 மாதத்தில் வேலையை விட்டவருக்குக் கொடுத்த ஃபோர்க்ளோஷர் கணக்கை, பெயரை மறைத்து ஒரு நகல் காட்ட முடியுமா என்று. காட்டினால் அதில் கடைசி லைனைப் பாருங்கள். காட்டவில்லை என்றால், 12-ஆம் மாதம், 24-ஆம் மாதம், 36-ஆம் மாதம் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற அட்டவணையை லீசிங் நிறுவனத்திடமிருந்து மெயிலில் வாங்கிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.